கச்சேரியைத் துண்டு போடாதீர்கள்: சங்கீதப் பதிவுகளைச் சேர்த்து வைப்பவர்களுக்கு

கர்நாடக சங்கீதப் பதிவுகளைச் சேர்ப்பவர்கள் பலருடைய ஹார்ட் டிஸ்கில் ராகத்துக்கு ஒரு ஃபோல்டர் இருக்கிறது. தோடிக்கு ஒன்று, காம்போதிக்கு ஒன்று, பைரவிக்கு ஒன்று. பத்து வித்வான்களின் தோடி ஒரே இடத்தில் கிடைப்பது வசதிதான். ஆனால் அந்த வசதிக்காகக் கச்சேரியையே பிரித்துப் போட்டுவிடுகிறோம். அந்தத் தோடிக்கு வயலின் யார், மிருதங்கம் யார், எந்த சபா, எந்த வருஷம், அதற்கு முன்னால் என்ன உருப்படி பாடினார் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. அப்படிப் பிரிந்த கச்சேரியைப் பிறகு ஒன்று சேர்ப்பது மிகவும் கஷ்டம்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். ஃபோல்டர் என்பது கச்சேரிக்கு மட்டும்தான். ராகம், தாளம், சாகித்யகர்த்தா (பாடலை இயற்றியவர்) எல்லாம் டேக்குக்குள், அதாவது ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கும் குறிப்புகளுக்குள், போக வேண்டியவை. தோடி மட்டும் கேட்க ஆசை வந்தால் டேக்கில் தேடிக்கொள்ளலாம், கச்சேரியும் கலையாது. 78 சுழற்சி இசைத்தட்டுகள் மட்டும் இதில் சேராது. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிஷம்தான் என்பதால், அங்கே தட்டின் எண்ணையும் எந்தப் பக்கம் என்பதையும் குறித்து வைத்தால் போதும்.

வித்வான் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் கச்சேரிக்கு ஒன்று. அதன் பெயர் வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்கினால் தானாகவே கால வரிசையில் நிற்கும். தேதி தெரியாவிட்டால் வருஷம் மட்டும் போடுங்கள். வருஷமும் தெரியாவிட்டால் '1960-கள்' என்று போடுங்கள். சும்மா ஒரு குத்துமதிப்புக்கு 1965 என்று எழுதினால், இரண்டு பேர் கை மாறியதும் அதுவே சரித்திரமாகிவிடும். ஏற்கெனவே எழுதியிருக்கும் தேதியையும் அப்படியே நம்பக் கூடாது. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962-இல் காலமானார்; பாடகர்களில் ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்பிரமணியம்) 1965-இல், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967-இல், மதுரை மணி ஐயர் 1968-இல். பழனி வாசிப்பதாகப் போட்டிருக்கும் பதிவின் தலையில் 1964 என்று இருந்தால், தேதி தப்பு அல்லது மிருதங்கம் யார் என்பது தப்பு. பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களை விடாமல் எழுத வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். தேதியைச் சரிபார்க்க நம்மிடம் இருக்கும் நல்ல சாட்சி அவர்கள்தான்.

டேக்குக்கு ஃப்ளாக் (FLAC, ஒலியின் தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) ஃபைல்தான் தோது. வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா, ராகம், தாளம், சுருதி என்று வேண்டிய ஃபீல்டுகளை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். ஃபீல்டின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளே எழுதுவது தமிழில் இருக்கலாம். எம்பி3-யிலும் இது முடியும், எம்பி3டேக், ஃபூபார்2000 என்ற கணினி மென்பொருள்கள் இரண்டுமே படிக்கும். ஆனால் கைப்பேசி பிளேயர்களில் பலவற்றுக்கு இந்தத் தனி ஃபீல்டுகள் கண்ணில் படாது. அதனால் பக்கவாத்தியப் பெயர்களை கமெண்ட் ஃபீல்டிலும் ஒரு வரியாக எழுதி வையுங்கள். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் முக்கிய வித்வான் பெயர் மட்டும் இருக்கட்டும். அங்கே எல்லாரையும் திணித்தால் பாடகர் செம்மங்குடி ஒருவரே இருபது பேராகப் பிரிந்து நிற்பார்.

தமிழில் டேக் எழுதுபவர்களுக்கு இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, பார்க்க ஒன்றாக இருந்து உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள். ஸ்ரீ ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ'கரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, 'ஶ'கரத்தில் தொடங்கும் ஸ்ரீ இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். தேடும்போது ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. 'கொ' போன்ற எழுத்துகளிலும் இதே சிக்கல்: கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தால் ஒன்று, ஒரே குறியாக அடித்தால் வேறொன்று. அதனால் ராகங்களின் பெயர்களை ஒரு ஃபைலில் ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு, அங்கிருந்தே ஒட்டுங்கள். கரகரப்பிரியாவா கரஹரப்ரியாவா என்ற குழப்பமும் அதோடு தீரும். இரண்டாவது, ஃபைல் பெயரின் நீளம். லினக்ஸ், ஆண்ட்ராய்டு, வீட்டு சர்வர் என்று பல இடங்களில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழில் 'க' மூன்று பைட், 'கீ' ஆறு. ஐம்பது சொச்சம் எழுத்திலேயே எல்லை வந்துவிடும், காப்பி பாதியில் நின்றுவிடும். பாடல், ராகம், தாளம், வித்வான், சபா எல்லாவற்றையும் ஃபைல் பெயரில் அடைக்க வேண்டாம். வரிசை எண், பாடலின் தொடக்கம், ராகம் மூன்றும் போதும்.

ராகத்தின் பெயர் அந்த மூன்றில் கட்டாயம் இருக்க வேண்டும். 'ப்ரோசேவாரெவரே' ஸ்ரீரஞ்சனியில் தியாகராஜர் கிருதி, 'ப்ரோசேவாரெவருரா' கமாஸில் மைசூர் வாசுதேவாச்சார் கிருதி. பாதியில் வெட்டிய பெயரில் இரண்டும் ஒன்றாகிவிடும். பந்துவராளி என்று மட்டும் எழுதினாலும் போதாது. 72 மேளங்கள் என்ற தாய் ராகங்களின் வரிசையில் 51-ஆவது மேளமா, 45-ஆவதான சுபபந்துவராளியா என்பதற்கு மேள எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். தீட்சிதர் கிருதிகளில் அவருடைய மரபில் ராகத்தின் பெயர் வேறாக இருக்கும். 'மீனாக்ஷி மே முதம்' பூர்விகல்யாணி என்றும் கமகக்ரியா என்றும் சொல்லப்படும். இதற்கு இரண்டாவது ராக ஃபீல்டு ஒன்று வைத்துக்கொண்டால் போயிற்று.

இனி சுருதி. பலர் கண்டுகொள்ளாத விஷயம் இதுதான். இணையத்தில் சுற்றும் பழைய பதிவுகளில் எத்தனையோ தப்பான வேகத்தில் ஓடுகின்றன. டேப் ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை, அதாவது ஹார்மோனியத்தில் அடுத்த கட்டைக்கு, ஏறிவிடும். இரண்டு கட்டையில் பாடியவர் இரண்டரையில் பாடுவதாகக் கேட்கும். குரலின் கனம் குறையும், கமகம் (ஸ்வரங்களின் அசைவு) அவசரப்படும், காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) தவறாகத் தெரியும். அதைக் கேட்டுவிட்டு 'இவர் வேகமாகப் பாடுபவர்' என்று ஒருவரைப் பற்றி முடிவு கட்டுவது அநியாயம்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மின்சாரத்தில் ஓடிய ரெக்கார்டர் பதிவுகளில் மெல்லிய 'ம்ம்' என்ற இரைச்சல் படிந்திருக்கும். அது நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு 53-இல் நின்றால் டேப் ஏறக்குறைய அரைக்கட்டை ஏறி ஓடுகிறது. அந்தக் காலத்து மின்சாரமும் துல்லியமாக 50-இல் நின்றதில்லை என்பதால் சின்ன வித்தியாசத்தைப் பெரிதாக்க வேண்டாம். டிஜிட்டலுக்கு மாற்றியபோது புகுந்த இரைச்சலும் 50-இல் ஒரு கோடு போடும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதே வித்வானின் வேறு பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே திருத்துங்கள். திருத்தும்போது வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சுருதியை மட்டும் இறக்கினால் காலப்பிரமாணம் தப்பாகவே இருக்கும், மிருதங்கத்தின் சாப்பு என்ற கணீர் ஒலியும் மழுங்கிப்போகும்.

பேட்டரியில் ஓடிய ரெக்கார்டர் என்றால் கதையே வேறு. பேட்டரி தீரத் தீர டேப் மெதுவாக ஓடியிருக்கும். அதை ஒழுங்கான வேகத்தில் இயக்கும்போது சுருதி போகப் போக ஏறிக்கொண்டே வரும். அங்கே ஒரே சதவீதத்தைக் கச்சேரி முழுக்கப் போட முடியாது. தொடக்கம், நடு, முடிவு என்று பல இடங்களில் தம்புராவை அளந்து படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

ஒரே கச்சேரி இரண்டு மூன்று வடிவங்களில் கைக்கு வரும்போது எதை வைத்துக்கொள்வது? பெரும்பாலும் சத்தம் சுத்தமாக இருப்பதை எடுத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறார்கள். நான் முழுமையாக இருப்பதைத்தான் முதலில் பார்ப்பேன். தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) இருக்கிறதா, துக்கடாக்கள் (கடைசியில் வரும் சிறு பாடல்கள்) இருக்கின்றனவா, வானொலிக் கச்சேரி என்றால் அறிவிப்பு இருக்கிறதா. அந்த அறிவிப்பை 'பேச்சுத்தானே' என்று வெட்டி எறிகிறார்கள். பக்கவாத்தியக்காரர்களின் பெயர் அதிகாரபூர்வமாகச் சொல்லப்படுவது அந்த அரை நிமிஷத்தில்தான். தனியை வெட்டுவதைப் பற்றி எனக்குக் கோபமே வரும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் வாசித்த தனியை இடம் மிச்சம் பிடிக்க வெட்டிய ஃபைல்களும் உலவுகின்றன. ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு, சிடி தரத்தில், சுருக்காமலே சுமார் 635 எம்பிதான். ஃப்ளாக்கில் ஏறக்குறைய பாதி. இடம் இனி ஒரு காரணமே இல்லை.

சுத்தமாகக் கேட்பதிலும் ஏமாற வேண்டாம். இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்கு 'இதுதான் இரைச்சல்' என்று ஒரு மௌனமான இடத்தைக் காட்ட வேண்டும். கச்சேரியில் அப்படி ஓர் இடம் கிடையாது, யாரும் பாடாத நேரத்திலும் தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கும். ஆகவே மென்பொருள் தம்புராவையே இரைச்சலாக எடுத்துக்கொண்டு கச்சேரி முழுவதிலிருந்தும் உரித்துவிடும். கூடவே மிருதங்கத்தின் மீட்டும் கடத்தின் கார்வையும் போகும். குரல் மட்டும் ஒரு வெற்றிடத்தில் தொங்கும். சுத்தம் செய்த ஃபைல் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூலத்தைத் தொடாமல் பக்கத்தில் வையுங்கள்.

ஃப்ளாக் என்று பெயர் இருப்பதெல்லாம் ஃப்ளாக் அல்ல. ஸ்பெக் என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தரித்தது போலக் கோடு விழுந்தால், பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் எம்பி3-யை மாற்றி வைத்திருக்கிறார்கள். பழைய டேப்பில் மேல் ஒலிகள் இயல்பாகவே மெல்ல மங்கும், கத்தரித்த மாதிரி நிற்காது. ராகம் தானம் பல்லவியைத் துண்டுகளாகப் பிரித்த எம்பி3-யில் இன்னொரு குறை: ஒவ்வொரு துண்டின் இரு ஓரத்திலும் சிறு வெற்று ஒலி சேர்வதால், பல பிளேயர்களில் ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் தம்புரா ஒரு கணம் அறுந்துபோகும். ஆலாபனையும் கிருதியும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். எந்த நிமிஷத்தில் நிரவல் (ஒரு வரியையே விதவிதமாகப் பாடுவது), எந்த வரியில் நிரவல், எங்கே தனி என்பதை கமெண்டில் எழுதினால் போதும்.

இரண்டு ஃப்ளாக் ஃபைல்கள் டேப்பை ஒரே தடவை டிஜிட்டலுக்கு மாற்றியதிலிருந்து வந்தவையா என்று பார்க்க அவற்றுக்குள் இருக்கும் எம்டி5 எண்ணை (ஒலிக்கு ஒரு கைரேகை மாதிரி) ஒப்பிடலாம். டேக் வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றென்றால் எண்ணும் ஒன்றாகத்தான் இருக்கும்; அதில் ஒன்றைத் தாராளமாக அழிக்கலாம். எண் வேறாக இருந்து கச்சேரி ஒன்றாக இருந்தால், கேட்டுப் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள். ஒன்றில் போன பல்லவி மற்றதில் இருக்கலாம்.

கடைசியாக ஒரு வேலை. ஒவ்வொரு கச்சேரி ஃபோல்டரிலும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போடுங்கள். பதிவு எங்கிருந்து வந்தது, கேசட்டா ஸ்பூலா (பெரிய சுருள் டேப்பா), எந்த இடத்தில் பக்கம் மாறியது, வேகம் எத்தனை சதவீதம் திருத்தியது, எந்த ராகம் அல்லது எந்தப் பெயர் சந்தேகம் என்று அதில் இருக்கட்டும். அடுத்தவருக்குக் கச்சேரியைக் கொடுக்கும்போது ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து கொடுங்கள், பாட்டை மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள்.