வீடியோ கேம் இருந்தால் பிசியோதெரப்பி வேண்டாமா?

திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "மூளையில் அடிபட்ட பிள்ளைக்கு இனி பிசியோதெரப்பி தேவையில்லை. உடம்பை அசைத்து விளையாடும் வீடியோ கேம் வாங்கிக் குடுத்தால் காணும், நடந்திடும்." முதல் பாதி பிழை. மற்றப் பாதி எவராலும் தரமுடியாத வாக்கு.

கதைக்கு ஒரு வேர் உண்டு. 2006இல் நின்டெண்டோ வீ, 2010இல் மைக்ரோசொப்டின் கினெக்ட் என்ற, உடம்பின் அசைவை உணரும் விளையாட்டுக் கருவிகள் வந்தபின் சிகிச்சையாளர்கள் இவற்றைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இழந்த அசைவை மூளை திரும்பப் பழக, அதையே திரும்பத் திரும்பச் செய்யவேணும், பிள்ளைக்கு அலுக்கும். திரையில் பந்து வந்தால் அலுப்புக் குறையும். சில ஆய்வுகளில் சமநிலை ஓரளவு கூடியது, அதுவும் பெரும்பாலும் வழமையான பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தபோது.

வீயில் டெனிஸ் விளையாடும் பிள்ளையைக் கவனியுங்கள். தோளைச் சுழற்றி அடிக்கவேண்டிய பந்தை, கதிரையில் இருந்தபடியே மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கி அடித்துவிடும். புள்ளி ஏறும், பலவீனமான கை மடியிலேயே கிடக்கும். கருவிக்கு அது தெரியாது. பார்த்துத் திருத்த ஆள் வேணும்.

இன்னொன்று: மூளைக் காயத்துக்குப் பிறகு வலிப்பு வரும் வாய்ப்புக் கூட. சிலருக்கு மின்னும் திரையே அதைத் தூண்டும். பெட்டியோடு வரும் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. யார் வாசிக்கிறோம்!

மூதூரிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது லேசில்லை. குரல்பதிவு எடுபடுவதும் அதனால்தான். கருவி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்: எந்த விளையாட்டு, எந்தக் கை, நின்றா இருந்தா, எத்தனை நிமிடம்.