புயல் கரையைக் கடந்த பிறகுதான் நமக்கு ஆரம்பம்

"கரையைக் கடந்தது" என்று டிவியில் பட்டை ஓடியதும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் நாமெல்லாம் நிம்மதியாகப் படுத்துவிடுகிறோம். மரக்காணத்திலோ மாமல்லபுரத்திலோ கரையேறிய புயல் நம்மை என்ன செய்துவிடும் என்ற எண்ணம். அந்த எண்ணம் தப்பு என்று அடித்துச் சொல்வேன். கடலோரத்துக்காரர்கள் பயப்பட வேண்டியது காற்றுக்கு. நாம் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு, அதுவும் ஒருநாள் இரண்டுநாள் பிந்தி வரும் தண்ணீருக்கு.

ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்தது. வானிலைத் துறை கணக்கில் மணிக்கு 62 முதல் 88 கி.மீ. வரை காற்று இருந்தால் புயல், 89ஐத் தொட்டால் தீவிரப் புயல். ஃபெஞ்சல் முதல் படியைத் தாண்டவே இல்லை. ஆனால் கரையேறியதும் நகராமல் நின்றுவிட்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. நம் பழைய வடாற்காட்டின் திருவண்ணாமலையில் டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் ஒரு வீடே புதைந்து 7 பேர் போனார்கள். சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்க வேண்டியதாயிற்று. 2021 நவம்பர் 19 அன்று கரை கடந்தது புயல்கூட இல்லை, வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அன்று காலைதான் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள்.

தீவிரப் புயல், புயல், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், தாழ்வு மண்டலம் என்று படிப்படியாக இறங்கும் பெயர்களெல்லாம் காற்று வேகத்துக்கு வைத்தவை. மேகத்தில் எவ்வளவு ஈரம் மிச்சம் என்பதை அவை சொல்லாது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஜவ்வாது மலையிலும் சித்தூர் பக்கத்து மலைகளிலும் மோதி மேலேறும்போது குளிர்ந்து அங்கேயே இறக்கிவிடும். "வலுவிழந்தது" என்ற செய்தியைக் கேட்டுத் தூங்குவதற்கு இதில் ஒன்றுமில்லை.

வானிலைத் துறை புயலுக்கு நான்கு கட்டமாக அறிவிப்பு தருகிறது. 72 மணி, 48 மணி, 24 மணி நேரத்துக்கு முன் வருபவை முதல் மூன்று. நான்காவது, கரை கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்னால் வரும். கரையேறிய பின் எந்தத் திசையில் போகும், உள்மாவட்டங்களில் என்ன ஆகும் என்பதைச் சொல்வது அதுதான். நமக்காகவே எழுதப்படும் அந்த அறிக்கையை நம்மில் யாரும் படிப்பதில்லை என்பது என் பெரிய வருத்தம்.

கரன்ட் போய், போனில் சார்ஜும் தீர்ந்துவிட்டால் காற்றைப் பாருங்கள். புயல் கிழக்கே இருக்கும்போது நமக்கு வாடை, அதாவது வடக்குக் காற்று, அடிக்கும். வாடை மெல்லத் திரும்பி கொண்டலாகி (கிழக்குக் காற்று), பிறகு தென்றலானால் (தெற்குக் காற்று) புயல் நமக்குத் தெற்கே கடந்து போகிறது. வாடை மேற்குக் காற்றாகத் திரும்பினால் வடக்கே போகிறது. தெற்கே போனால் ஜவ்வாது மலை, செய்யாறு, தென்பெண்ணை பக்கம் கவனம். வடக்கே நெல்லூர்ப் பக்கம் ஏறினால் நம் ஊரில் தூறலோடு நின்றுவிடலாம். ஆனால் சித்தூர் மாவட்டத்தில் பெய்தது பொன்னையாற்றில் வந்து சேரும். மழையே இல்லாத ஊரில் வெள்ளம் வருவது இப்படித்தான்.

ஆற்றின் வரிசையையும் மனதில் வையுங்கள். கர்நாடகத்தில் பேத்தமங்கலம் ஏரி நிரம்பி, ஆந்திரத் தடுப்பணைகள் ஒவ்வொன்றாக வழிந்து, கடைசியில் புல்லூர் தடுப்பணை வழிந்தால்தான் பாலாறு வாணியம்பாடிக்குள் வரும். மோர்தானா அணை வழிந்தால் கௌண்டன்யா ஆறு முதலில் குடியாத்தம் கரையோர வீடுகளைத் தொட்டு, பிறகு பாலாற்றில் சேரும். பொன்னையாறு சேருவது திருவலத்துக்குக் கீழே. ஆகவே வேலூர் பாலத்தில் பார்க்கும் தண்ணீரை வைத்து வாலாஜா அணைக்கட்டைக் கணக்குப் போடாதீர்கள். அங்கே இன்னொரு ஆறும் கூடியிருக்கும். புல்லூர் வழிகிறது என்று தகவல் வந்த பிறகு ஆற்றுக்குள் மாடு, மோட்டார், மணல் வண்டி எதுவும் இருக்கக் கூடாது.

மழையை அளக்க பெரிய கருவி வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரத்தை மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில் வைத்து, காலை எட்டரை மணிக்கு ஸ்கேலால் ஆழம் பாருங்கள். ஒரே நாளில் 115 மி.மீ. தாண்டினால் மிக கனமழை, 204 தாண்டினால் அதிகனமழை. 10 செ.மீ. மழை ஒரு ஏக்கரில் சுமார் 4 லட்சம் லிட்டர். ஏரிக்கு மேலே எத்தனை நூறு ஏக்கர் இருக்கிறது என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

ஏரிக்கரை உடைவது பெரும்பாலும் இரண்டு வழியில். ஒன்று, கரையில் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் ஏறி வழிவது. கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் இடம்) மேல் மூட்டை அடுக்கி இன்னும் ஓரடி தேக்கலாம் என்று சில ஊர்களில் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், கலங்கல் வழியே போக வேண்டிய தண்ணீர் கரை மேல் ஏறிவிடும். இரண்டாவது, எலிவளை, நண்டுவளை, மக்கிய கருவேல வேர் வழியாகக் கசிவது. கரையின் வெளிப்புறம் கசியும் நீர் தெளிவாக இருந்தால் காவல் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாம். செம்மண்ணாக வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று பொருள். உடனே நீர்வளத் துறைக்கும் வட்டாட்சியருக்கும் சொல்லி, கீழே உள்ளவர்களை எழுப்புங்கள். அந்த ஓட்டையை வெளியிலிருந்து அடைக்கக் கூடாது, வேறிடத்தில் பிய்த்துக்கொள்ளும். சுற்றிலும் மூட்டையை வட்டமாக அடுக்கி உள்ளே தண்ணீரை ஏறவிட வேண்டும். ஏறிய தண்ணீர் எதிர்த்து அழுத்தும். மண் வருவது நின்றதும் அடுக்குவதை நிறுத்தலாம். சாக்கைப் பாதிக்குச் சற்று மேல்தான் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் உருண்டையாகி இடுக்கில் தண்ணீர் ஓடும்.

மண்சுவர் வீட்டுக்காரர்கள் மழை விட்டதும் உள்ளே போய்ப் படுக்காதீர்கள். ஊறிய சுவர் வெயில் பட்டு ஒருபக்கம் காயும்போதும் விழும். சுவரின் அடிப்பகுதி உப்பியிருந்தால், கதவு திடீரென்று இறுகினால், மேல்மூலையில் புது விரிசல் தெரிந்தால் அந்த வீட்டில் இரவு தங்கக் கூடாது. பக்கத்து வீட்டு உயரமான சுவர் உங்கள் கூரை மேல் சாயுமா என்பதையும் பாருங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் கலங்கிய நீர் போகும்வரை இறைத்துவிடுங்கள். பிறகு கணக்கு: 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 70 கிராம் புது பிளீச்சிங் பவுடர். கூழாகக் கரைத்து, தண்ணீர் சேர்த்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் வேறு வாளியில் எடுத்துக் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். அடிச் சுண்ணாம்பு வேண்டாம். இரவில் செய்தால் காலைக்குள் வேலை முடிந்திருக்கும். பாக்கெட் பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் குளோரின் இருக்காது.

இது கிருமிக்கு மட்டும். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை தோல் கழிவு இறங்கிய ஆற்றோரக் கிணறுகளில் குரோமியத்தையோ உப்பையோ பிளீச்சிங் பவுடர் தொடவே தொடாது, கொதிக்க வைத்தாலும் போகாது. இரண்டு லிட்டர் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நிரப்பி, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் குரோமியத்துக்கு என்று சொல்லியே கொடுங்கள். ரிப்போர்ட் வரும்வரை அந்தத் தண்ணீர் சமையலுக்கும் வேண்டாம், மாட்டுத் தொட்டிக்கும் வேண்டாம்.