லாங்லீஃப் பைனுக்குத் தீ எதிரி அல்ல
"தீ வைப்பதை நிறுத்தினாலே அமெரிக்கத் தென்கிழக்கின் லாங்லீஃப் பைன் (நீண்ட ஊசியிலை கொண்ட மரம்) காடு தானாக மீண்டுவிடும்" என்று நினைப்பது தலைகீழ். சுமார் 9 கோடி ஏக்கராக இருந்த காடு சுருங்க மரவெட்டு, பிசின் எடுப்பு, விவசாயத்தோடு தீத்தடுப்பும் ஒரு காரணம். சருகு மூடாத மண்ணில் விழுந்தால்தான் விதை ஒழுங்காக வேர்பிடிக்கும். கன்று சில வருஷம் புல் குத்து மாதிரி தரையோடு கிடந்து வேரை வளர்க்கும். வேகமாக ஓடும் தீ ஊசியிலைகளைப் பொசுக்கினாலும், அவை பொதிந்த நுனிமொட்டு தப்பிவிடும். பழுப்புப்புள்ளி நோய் தொற்றிய இலைகளும் அதோடு ஒழியும். 2-3 வருஷத்துக்கு ஒருமுறை எரிக்காவிட்டால் ஓக் புதர் மூடிவிடும். ஆனால் பல்லாண்டு எரியாத இடத்தில் எடுத்த எடுப்பில் கடுந்தீ கூடாது: பழைய மரங்களின் அடியில் சேர்ந்த மக்கு (மக்கிய சருகு அடுக்கு) கனன்று, அதற்குள் ஓடும் சல்லிவேர்களைக் கொன்றுவிடும். மழைக்குப்பின், மக்கு ஈரமாக இருக்கையில், மேல்சருகை மட்டும் எரித்து, மக்கைப் பல தவணைகளில் குறைக்க வேண்டும்.