தரிசு தானாக வருவதில்லை

நகரத்தை ஒட்டிய வயல் மனையாகும்போது வழக்கமாக ஒரு பதில் வரும்: "அங்கே விவசாயம் நின்று வருஷக்கணக்காச்சு, வெறும் தரிசுதானே." அந்தத் தரிசு எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அது மனை போட்டதால் வந்த தரிசு.

வாய்க்கால் பாசனத்தில் ஒரு வயலுக்குத் தண்ணீர் இன்னொரு வயலைத் தாண்டித்தான் வரும், மிச்சமும் இன்னொன்றைத் தாண்டித்தான் வடியும். இப்படிப்பட்ட வெளியின் நடுவில் இரண்டு ஏக்கரை வாங்கி, சாலை மட்டத்துக்கு ஒரு மீட்டர் மண் கொட்டி உயர்த்துகிறார்கள். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான் சரிவு என்றால், அந்த ஒரு மீட்டர் அடைப்பு தேக்கும் தண்ணீர் மேற்புறம் ஒரு கிலோமீட்டர் வரைக்கும் ஏறி நிற்கும். மேலே பயிர் அழுகும், கீழே வாய்க்காலின் கடைசியில் உள்ள கடைமடை வயல் காயும். இரண்டு போகம் நஷ்டப்பட்டவர் மூன்றாவது போகத்துக்கு விதைக்க மாட்டார். அவர் நிலமும் கணக்கில் தரிசாகிவிடும், அடுத்த மனைப்பிரிவுக்கு அதுவே காரணமாகிவிடும்.

"அடியில் குழாய் போட்டிருக்கிறோமே" என்பார்கள். ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் உள்ள வாய்க்காலுக்கு 30 செ.மீ. குழாய் போட்டால், தண்ணீர் போகும் வழி ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. பல நேரம் அந்தக் குழாயின் அடிமட்டமும் வாய்க்கால் தரையைவிட ஒரு சாண் மேலே இருக்கும். அந்த ஒரு சாண் தண்ணீர் வடியவே வடியாது. முதல் மழையிலேயே பிளாஸ்டிக்கும் வண்டலும் வாயை அடைத்துவிடும், உள்ளே கை விட்டுத் தூர்வாரவும் முடியாது. வேண்டியது குழாய் அல்ல, வாய்க்காலின் முழு அகலத்துக்குப் பெட்டிப்பாலம், அதாவது பெட்டி வடிவக் காங்கிரீட் வழி. தரை வாய்க்கால் மட்டத்திலேயே இருக்க வேண்டும், மேல் மூடியைத் தூக்கிச் சுத்தம் செய்ய வழி வேண்டும்.

வீடு வாங்குபவரும் இதில் தப்புவதில்லை. 10 செ.மீ. மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 4 லட்சம் லிட்டர். வரப்பு கட்டிய வயல் அதில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருந்தது. கூரையும் காங்கிரீட்டும் கிட்டத்தட்ட மொத்தத்தையும் தெருவுக்கு அனுப்பிவிடும், வடிகால் அடைபட்ட இடத்தில் அது வீட்டு வாசலிலேயே நிற்கும்.

மேல்மண் போவதுதான் எனக்கு ஆறாத வயிற்றெரிச்சல். ஏக்கருக்கு 20 செ.மீ. ஆழம் என்றாலே 800 கன மீட்டர். நூற்றாண்டுகளில் உருவான மண், ஒரே நாளில் கட்டட இடிபாட்டுக்கு அடியில் போய்விடுகிறது. கட்டத்தான் வேண்டும் என்றால் அதை முதலில் தனியாக வழித்தெடுக்கலாம், அடிமண்ணோடு கலக்காமல். ஈரமாக இருக்கும்போது தொடக்கூடாது. கையில் உருட்டினால் பென்சிலைவிட மெல்லிய திரியாக உடையாமல் நீண்டால் அது இன்னும் ஈரம்தான். அந்த நிலையில் இயந்திரம் ஏறினால் மண்ணின் துளைகள் நசுங்கி இறுகிவிடும். குவியலை இரண்டு மீட்டருக்கு மேல் உயர்த்தினால் உள்ளே காற்றில்லாமல் மண்ணுயிர் செத்துவிடும்.

2017-இல் வெளியான ஓர் ஆய்வு, நகர விரிவாக்கத்தால் 2030-க்குள் உலக விளைநிலத்தில் 1.8 முதல் 2.4 சதவீதம் வரை போகும் என்று கணித்தது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த நிலத்தின் விளைதிறன் உலக சராசரியைப் போல சுமார் 1.8 மடங்கு. நல்ல மண்ணும் தண்ணீரும் இருந்த இடத்தில்தானே ஊர்களே உண்டாயின.

வீடு தேவைதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் ஒவ்வொரு மனுவாகப் பார்த்து அனுமதி கொடுக்கும் முறை, ஒரு சர்வே எண்ணுக்கு அப்பால் எதையும் பார்ப்பதில்லை. 1973-இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம், ஒவ்வொரு நகரத்துக்கும் வளர்ச்சி எல்லைக்கோடு வரையச் சொல்லும் முறைக்கு வழிவகுத்துச் சட்டம் போட்டது. அதே ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, விளைநிலத்தை விவசாயத்துக்கென்றே மொத்தமாக ஒதுக்கி வைத்தது. எது எல்லை என்று முன்பே தெரிந்தால்தான் விவசாயி அடுத்த போகத்துக்குத் துணிந்து செலவு செய்வார்.

மனைப்பிரிவு அனுமதிக்கு ஆட்சேபம் எழுதுகிறவர்கள் "விளைநிலம் அழிகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். பாசனம் ஓடும் நாளில் போய், அந்த இடத்தைத் தாண்டி எத்தனை வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது, எத்தனை வயல் அதன் வழியே வடிகிறது என்று எண்ணுங்கள். வாய்க்காலின் அகலம், ஆழம், தரை மட்டம் மூன்றையும் அளந்து, படத்தோடு மனுவில் சேர்த்துவிடுங்கள். மண் கொட்டிய பிறகு அளக்க எதுவும் இருக்காது.