புத்தகம் வேறு, சினிமா வேறு என்று எங்களிடம் சொல்லாதீர்கள்

ஒரு மாயக்கதை நாவல் படமாக வந்த மறுநாளே இணையத்தில் சண்டை தொடங்கிவிடும். புத்தகம் படித்தவர்கள் "இப்படிப் பண்ணிவிட்டார்களே" என்று ஆற்றாமையோடு எழுதுவார்கள். உடனே யாராவது வந்து, "புத்தகம் வேறு, சினிமா வேறு, இதுகூடப் புரியாதா?" என்று ஒரே வரியில் வாயை அடைப்பார்கள். பல வருடமாக இந்த வரியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. அந்த வித்தியாசம் மற்ற எல்லாரையும்விட எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு காட்சியையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தியேட்டருக்குள் போய் உட்காருகிறோம். எது படத்தில் வராது, எது வந்தால் இழுவையாக இருக்கும் என்பதெல்லாம் டிக்கெட் எடுக்கும்போதே தெரியும்.

டாம் பாம்படிலை எடுத்துக்கொள்ளுங்கள். டோல்கீனின் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் முதல் பாகத்தில், பழைய காட்டின் ஓரத்தில் வசிப்பவர், எந்நேரமும் பாட்டுதான். உலகத்தையே ஆட்டிப்படைக்கும் அந்த மோதிரத்தை வாங்கித் தன் சுண்டுவிரலில் போட்டுப் பார்க்கிறார். மற்றவர்கள் போட்டால் மறைந்துபோவார்கள், அவர் மறைவதில்லை. சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். பீட்டர் ஜாக்சனின் 2001 படத்தில் அவர் இல்லவே இல்லை. அதற்கு 20 வருடம் முன்பு வந்த பிபிசி வானொலி நாடகத்திலும் இல்லை. வருத்தம் இருந்ததா? இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் விட்டுக்கொடுத்தோம். துரத்தல் சூடுபிடிக்க வேண்டிய நேரத்தில் கதையை நிறுத்திவைத்துப் பாட்டுப் பாட முடியாது என்பது எங்களுக்கும் புரிகிறது. ஆற்றங்கரைத் துரத்தலில் குளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் வீரன் இருக்க வேண்டிய இடத்தில் எல்ஃப் இளவரசி ஆர்வென் வந்தாள். கொஞ்ச நாள் முணுமுணுத்தோம், அப்புறம் பலருக்கு அந்தக் காட்சியே பிடித்துப்போனது.

ஆகவே, "எல்லாம் அப்படியே வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள்" என்று எங்களைப் பற்றிச் சொல்வது உண்மையில்லை. எங்களுக்கு ஆறாத இடங்கள் வேறு. அவை கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஆழமானது.

எனக்கு ஆறாத இடம் ஃபாரமிர்.

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபாரமிர் கோண்டோர் நாட்டின் தளபதி, போரோமிரின் தம்பி. அண்ணன் போரோமிர் மோதிரத்தின் மேல் ஆசைப்பட்டு, அதைச் சுமந்து போகும் ஃப்ரோடோவிடமிருந்து பிடுங்கப் பார்த்தவன். தம்பி இரண்டாம் பாகத்தில் வருகிறான். ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் ஃபாரமிர் கையில் அகப்படுகிறார்கள். அவர்களிடம் இருப்பது என்னவென்று அவனுக்கு இன்னும் தெரியாது. அப்படி ஒரு பொருள் பாதையோரத்தில் கிடந்தால்கூட எடுக்கமாட்டேன், என் நகரமே இடிந்து விழுந்தாலும் அதை வைத்துக் காப்பாற்றமாட்டேன் என்று பேச்சுவாக்கில் சொல்கிறான். பிறகு, அருவிக்குப் பின்னால் இருக்கும் ஒரு குகையில், நல்ல சாப்பாடும் கதகதப்பும் தந்த தைரியத்தில், சாம் வாய்தவறி மோதிரத்தைப் பற்றி உளறிவிடுகிறான். ஃபாரமிர் எழுந்து நிற்கிறான். குகையில் அவன் சொன்னதுதான் சட்டம், வெளியே அவன் ஆட்கள். தளபதி ஃபாரமிர் தன் தரத்தைக் காட்ட ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது என்கிறான். படிக்கிற நமக்கு ஈரக்குலை நடுங்குகிறது. அடுத்த நிமிடம் அவன் மெல்லச் சிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறான். எடுக்கமாட்டேன் என்று சொன்னேன், அது வாக்கு, அவ்வளவுதான்.

2002-ல் வந்த இரண்டாவது படத்தில் அதே வசனம் இருக்கிறது. வாள்முனையில் ஃப்ரோடோவின் கழுத்துச் சங்கிலியைத் தூக்கியபடி அதே வார்த்தைகளைச் சொல்கிறான். பிறகு மோதிரம் கோண்டோருக்குப் போகும் என்று முடிவு செய்து, இருவரையும் போர் நடக்கும் ஆஸ்கிலியத் நகரம் வரை இழுத்துக்கொண்டு போகிறான். தன் தரத்தை எப்படிக் காட்டினான் என்று புத்தகம் சொன்னதோ, அதற்கு நேர் எதிராக அந்த வசனம் வந்து நிற்கிறது. அந்த இடத்தில் எனக்கு ஏற்பட்டது கோபம்கூட இல்லை. நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றி யாரோ பொய் சொல்வதைக் கேட்பதுபோல இருந்தது.

படக்குழுவினர் தங்கள் தரப்பைச் சொல்லியிருக்கிறார்கள். மோதிரம் எப்பேர்ப்பட்டவரையும் கவிழ்த்துவிடும் என்று அவ்வளவு நேரம் காட்டிவிட்டு, ஒருவன் வந்து "வேண்டாம்" என்று சாதாரணமாகச் சொன்னால் மோதிரத்தின் பயமே போய்விடும் என்றார்கள். இரண்டாவது படத்தில் வரவேண்டிய ராட்சதச் சிலந்தியை மூன்றாவது படத்துக்குத் தள்ளிவிட்டதால் ஃப்ரோடோவின் கதைக்கு ஒரு உச்சம் தேவைப்பட்டது என்றார்கள். இரண்டாவது காரணத்தை ஏற்றுக்கொள்கிறேன், திரைக்கதைக்கு அப்படி ஒரு கட்டாயம் இருக்கும்தான். முதல் காரணத்தை ஏற்க முடியவில்லை. மோதிரத்தின் பயத்தை அண்ணன் ஏற்கெனவே உயிரைக் கொடுத்துக் காட்டிவிட்டான். அதே வீட்டில், அதே அப்பனுக்குப் பிறந்து, அண்ணனைவிடக் குறைவான அன்பு கிடைத்து வளர்ந்த ஒருவன் அதே இடத்தில் நின்று விலகுகிறான் என்பதற்குத்தான் தம்பியையே கதைக்குள் கொண்டுவருகிறார் டோல்கீன். தன் பாத்திரங்களில் யாராவது தன்னைப் போல இருக்கிறார்கள் என்றால் அது ஃபாரமிர்தான் என்று அவர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். போருக்குப் போய்விட்டு வந்த மனிதர் அவர். வாளை அதன் கூர்மைக்காக நேசிக்காத, அது எதைக் காக்கிறதோ அதற்காக மட்டும் போரிடுகிற வீரனை அவர் எங்கிருந்தோ சும்மா கற்பனை செய்துவிடவில்லை.

புத்தகம் படிக்காத என் நண்பர் ஒருவர், "படத்தில் நல்லாத்தானே இருக்கு? தப்பு செய்யப் போய், மனம் மாறுகிறான். அதுவும் அழகுதானே?" என்று கேட்டார். அழகுதான். ஆஸ்கிலியத்தில் சாம் பேசும் பேச்சைக் கேட்டு எனக்கும் கண் கலங்கும். நீட்டிக்கப்பட்ட பதிப்பில் அப்பா, அண்ணன், தம்பி மூவரும் வரும் காட்சியைச் சேர்த்த பிறகு அந்தப் படத்து ஃபாரமிரும் முழு மனிதனாகத்தான் தெரிகிறான். மனம் மாறுகிறவனைப் பற்றி ஆயிரம் படங்கள் உண்டு. மாறத் தேவையில்லாத ஒருவனைப் பார்ப்பதுதான் அரிது, அந்த அரியதைத்தான் இழந்தோம். இதை அவரிடம் சொன்னேன். சரி, படித்துப் பார்க்கிறேன் என்றார், படித்தார். முடித்துவிட்டு என்ன சொன்னார் என்பதை அவரே கமெண்டில் எழுதட்டும்.

இது ஏன் மாயக்கதைகளில் இவ்வளவு வலிக்கிறது என்று யோசித்திருக்கிறேன். நாம் வாழும் உலகத்தில் நடக்கும் கதையைத் தவறாகப் படமெடுத்தாலும் அந்த உலகம் வெளியே அப்படியே இருக்கிறது. தெரு இருக்கிறது, கடல் இருக்கிறது. மாயக்கதையின் உலகத்துக்கு வெளியே ஆதாரம் எதுவும் கிடையாது. அந்த உலகத்தைத் தாங்கிப் பிடிப்பது அதன் விதிகள்தான். எதற்கு என்ன விலை, யார் எதைச் செய்யமாட்டார்கள் என்கிற விதிகள். டிராகனின் நிறத்தை மாற்றினால் பொறுத்துக்கொள்வோம். விலை கொடுக்காமல் வரம் கிடைக்கும் என்று மாற்றினால் அந்த உலகமே பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

இதற்கு மைக்கேல் எண்டேயின் 'முடிவற்ற கதை' படம் நல்ல சான்று. ஜெர்மன் நாவல் 1979-ல் வந்தது, படம் 1984-ல். புத்தகத்தின் முதல் பாதியோடு படம் முடிந்துவிடுகிறது. இரண்டாம் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. பாஸ்டியன் என்ற அந்தப் பையன் கேட்டதெல்லாம் நடக்கும், ஆனால் ஒவ்வொரு விருப்பத்துக்கும் அவனுடைய ஒரு ஞாபகம் அழிந்துபோகும். கடைசியில் தன் பெயரையே மறந்து நிற்கிறான். படத்தில் என்ன நடக்கிறது? பையன் பறக்கும் டிராகன் மேல் ஏறி வந்து, தன்னைக் கொடுமைப்படுத்திய பையன்களைத் துரத்திப் பழிவாங்குகிறான். விலையும் இல்லை, இழப்பும் இல்லை. எண்டே தன் பெயரைப் படத்திலிருந்து எடுக்கச் சொன்னார், வழக்குப் போட்டார், தோற்றார். அந்தப் படத்தைச் சிறுவயதில் பார்த்து நேசித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்கள் நேசத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எண்டேயின் கோபம் எனக்கு முழுசாகப் புரிகிறது.

உர்சுலா லெ க்வினுக்கும் இதுதான் நடந்தது. 1968-ல் அவர் எழுதிய 'எர்த்ஸீ' நாவலின் நாயகன் செம்பழுப்பு நிறத்தவன். அந்தத் தீவுகளில் பெரும்பாலானவர்கள் கருத்த, பழுப்பு நிறத்தவர்கள். வெள்ளை நிற நாயகர்களையே பார்த்துப் பழகிய ஒரு இலக்கிய வகைக்குள் தெரிந்தே அதைக் கொண்டுவந்தார். 2004-ல் வந்த தொலைக்காட்சித் தொடரில் நாயகன் வெள்ளைக்காரனாகிவிட்டான். அவர் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார். நம்மைப் போன்ற நிறத்தவர்கள் அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும்.

மாற்றவே கூடாது என்று சொல்லவரவில்லை. தமிழில் படிப்பவர்களுக்கு அதை விளக்கவும் வேண்டியதில்லை, நமக்குக் கம்பன் இருக்கிறான். வால்மீகியில் இராவணன் சீதையின் கூந்தலையும் தொடையையும் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பனில் அவளைத் தொடாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். எவ்வளவு பெரிய மாற்றம்! ஆனாலும் இராவணனின் குற்றம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை, சீதை சீதையாகவே இருக்கிறாள். இவ்வளவு துணிச்சலாக மாற்றியவன்தான், பாற்கடலை நக்கியே குடித்துவிடலாம் என்று கிளம்பிய பூனை மாதிரி இந்தக் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன் என்று முதலிலேயே பாடிவிட்டுத் தொடங்குகிறான். மூலத்தின் முன்னால் அந்தப் பணிவு இருப்பவர் எதை வேண்டுமானாலும் மாற்றட்டும். ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 'ஹௌலின் நகரும் கோட்டை' படத்தில், நாவலில் ஓரமாக இருந்த போரை நடுவில் கொண்டுவந்து வைத்தார், மந்திரவாதி ஹௌலின் சொந்த ஊரையே எடுத்துவிட்டார். ஆனால் தலைமுடியின் நிறம் கெட்டுப்போனதற்காக உடம்பெல்லாம் பச்சைக் குழம்பு வழிய இடிந்துபோய் உட்காரும் அந்த ஹௌல் இரண்டிலும் இருக்கிறான். நாவலை எழுதிய டயானா வின் ஜோன்ஸுக்கும் படம் பிடித்திருந்தது.

சின்ன இடங்களிலும் இது நடக்கும். ஹாரி பாட்டரின் நான்காவது கதையில், போட்டியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் கோப்பைக்குள் உன் பெயரைப் போட்டாயா என்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹாரியிடம் அமைதியாகக் கேட்கிறார். 2005 படத்தில் பாய்ந்து வந்து அவனைப் பிடித்து உலுக்கிக் கேட்கிறார். இதை வைத்து இணையத்தில் கேலிப்படங்கள் குவிந்துவிட்டன. எனக்கு அது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. எல்லாரும் சந்தேகிக்கும் நேரத்தில் ஒரு பெரியவர் தன்னிடம் குரலை உயர்த்தாமல் கேட்டார் என்பது, யாரும் இல்லாத அந்தப் பையனுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரசிகர்கள் என்ற பெயரில் சிலர் செய்வதை என்னால் எங்கள் கணக்கில் சேர்க்க முடியாது. 'பெர்சி ஜாக்சன்' தொடருக்கு 2022-ல் அனபெத் பாத்திரத்துக்கு லியா ஜெஃப்ரிஸ் என்ற கறுப்பினச் சிறுமி தேர்வானபோது, புத்தகத்தில் பொன்னிறக் கூந்தல் என்று இருக்கிறதே என்று தொடங்கி, அந்தக் குழந்தையையே வசைபாடினார்கள். அந்தப் புத்தகங்களை எழுதிய ரிக் ரியோர்டன் தன் வாசகர்களையே கண்டித்து எழுதினார்: இது நிறவெறி, வேறு பெயர் இல்லை என்று. அவர் செய்தது சரி. லெ க்வின் கேட்டதும் இவர்கள் கேட்டதும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கருத்த மக்களை அவர்கள் கதையிலிருந்தே துடைத்தெறிந்தார்கள் என்று அவர் எதிர்த்தார். ஒரு கருத்த குழந்தை உள்ளே வந்துவிட்டதே என்று இவர்கள் குதித்தார்கள். அனபெத்தின் புத்திசாலித்தனமும் வீம்பும்தான் அனபெத்.

அதே ரியோர்டன்தான் 2010-ல் வந்த பெர்சி ஜாக்சன் படத்தின் திரைக்கதையைப் படித்துவிட்டு, எடுப்பதற்கு முன்பே தயாரிப்பாளர்களுக்கு மறுப்புக் கடிதங்கள் எழுதியவர். அவற்றைப் பின்னாளில் அவரே வெளியிட்டார். நாவலில் பெர்சிக்கு வயது 12. அவன் 16 வயதை எட்டும்போது என்ன ஆகும் என்ற தீர்க்கதரிசனத்தின் மேல்தான் ஐந்து புத்தகங்களும் நிற்கின்றன. படத்தில் தொடக்கத்திலேயே அவனை வளர்ந்த பையனாக ஆக்கிவிட்டார்கள். கதையின் முதுகெலும்பே போய்விடுகிறது, வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று அவர் எச்சரித்தார். கேட்கவில்லை. இரண்டாவது படத்தோடு வரிசை நின்றது. எழுதியவர் பங்கெடுத்த தொடர் 2023-ல் வந்தபோதுதான் பன்னிரண்டு வயதுப் பெர்சி திரைக்கு வந்தான்.

எங்கள் சத்தத்துக்குக் கொஞ்சம் பலமும் உண்டு. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' இரண்டாவது படத்தில் வரும் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போரில் ஆர்வென் சண்டை போடுவதாக முதலில் காட்சிகளே எடுத்தார்கள். செய்தி கசிந்து ரசிகர்கள் கொந்தளித்தார்கள். படம் வந்தபோது அந்தக் காட்சிகள் இல்லை. ரசிகர்களால்தான் என்று மட்டும் சொல்லமாட்டேன், அவளுடைய கதைக்கே அது பொருந்தவில்லை. ஆனால் பொருந்தவில்லை என்று முதலில் சொன்னவர்கள் வாசகர்கள்.

இப்போது ஹாரி பாட்டரையும் தொடராக எடுக்கிறார்கள். அறிவிப்பு வந்த 2023 முதலே பழைய சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. யாரை நடிக்க வைத்தார்கள், உடை எப்படி, கோட்டை எப்படி என்றெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதிலெல்லாம் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. நான்காவது புத்தகத்துக்கு வந்து, டம்பிள்டோர் அந்தக் கேள்வியைக் குரல் உயர்த்தாமல் கேட்டால் போதும்.

உங்கள் ஃபாரமிர் யார்? எந்தப் பாத்திரம், எந்த அத்தியாயம், படத்தில் என்ன ஆனது என்று விவரமாக எழுதுங்கள். "சொதப்பிட்டாங்க" என்று மட்டும் எழுதாதீர்கள், அதை எல்லாரும் எழுதுகிறார்கள்.