கையெழுத்து இல்லன்னாலும் கோர்ட் விக்கலாம்
மேல ஒருத்தர் ‘ஒரு பங்காளி கையெழுத்து போடலன்னா பூர்வீக நிலத்த கோர்ட்டால கூட விக்க முடியாது, அப்படி சட்டமே இல்ல’ன்னு போட்டிருக்காரு, அது தப்புங்க. 1893 பார்ட்டிஷன் ஆக்ட், அதாவது பாகப்பிரிவினைச் சட்டம், இன்னும் அமல்ல இருக்கு. காவேரிப்பட்டணம் பக்கம் அரை ஏக்கர் மாந்தோப்பு, ஒரே கிணறு, ஏழு பங்குன்னு வைங்க, அத துண்டு போட்டா யாருக்கும் உபயோகப்படாது, அந்த மாதிரி நேரத்துல பாதி பங்குக்கு குறையாம வெச்சிருக்கவங்க கேட்டா, வித்து பணமா பிரிக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லதுன்னு தோணுச்சுன்னா கோர்ட் விக்கச் சொல்லலாம். ஆனா மத்த பங்காளி ‘நானே வாங்கிக்கறேன்’னு மனு போட்டா விக்கச் சொல்லிக் கேட்டவங்க பங்குக்கு கோர்ட் மதிப்பு போட்டு அந்த விலைக்கு அவருக்குத்தான் முதல்ல குடுக்கணும், இத யாருமே சொல்றதில்ல, பாவம் பல பேரு பயந்துட்டு அடிமாட்டு விலைக்கு எழுதிக் குடுத்துடறாங்க. அப்புறம் பாகப்பிரிவினை அரசியலமைப்போட பொதுப் பட்டியல்ல 5வதா இருக்கு, பார்லிமென்ட், சட்டசபை ரெண்டுமே சட்டம் போடலாம்.