மூடி போட்டால் ஆச்சா?

நேற்று எல்லா குரூப்பிலும் சுற்றிய அந்தப் போட்டோவை நானும் பார்த்தேன். மூடிக்கிடக்கிற சாயப்பட்டறை, பின்பக்கம் கைவிட்ட போர்வெல், அதன் வாயில் புது இரும்புத் தகடு, சுற்றி நின்று சிரிக்கும் ஏழெட்டுப் பேர். "ஆபத்து நீங்கியது" என்று தலைப்பு வேறு. "உள்ளே அடைத்தீர்களா?" என்று ஒரே ஒரு வரிதான் கேட்டேன். அதற்கு விழுந்த திட்டுகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அங்கே வாயைத் திறக்கப் பிடிக்கவில்லை, இங்கே எழுதுகிறேன்.

தகடு குழந்தை விழாமல் தடுக்கும். நல்ல காரியம். 2019 அக்டோபரில் குழந்தை சுஜித் போர்வெல்லில் விழுந்த நடுக்காட்டுப்பட்டியை டிவியில் பார்த்துக்கொண்டு தூங்காமல் கிடந்த யாரும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பட்டறைக்குள் இருக்கிற போருக்குத் தகடு மட்டும் போதாது. சாயத்தண்ணி வாய் வழியாக மட்டும் உள்ளே போவதில்லை.

நம்ம பக்கம் போர் போடுவதைப் பார்க்காதவர் யார்? மேல்மண்ணும் இளகின பாறையும் இருக்கிற வரைக்கும் ஓட்டை சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்குவார்கள். கெட்டிப் பாறை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அதற்குக் கீழே 800 அடியானாலும் 1000 அடியானாலும் வெறும் ஓட்டைதான். கேசிங்குக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு இடுக்கு இருக்கும். அதைச் சிமெண்ட் விட்டு அடைக்க யார் காசு செலவழிக்கிறார்கள்? வருஷக்கணக்காக உப்பும் சாயமும் ஊறிய மண்ணில் மழை பெய்தால் அந்தத் தண்ணி இடுக்கு வழியாக இறங்கி நேராகப் பாறை வெடிப்புக்குப் போய்விடும். அங்கிருந்து பக்கத்துத் தோட்டத்துப் போருக்கு வர யாரிடமும் அனுமதி கேட்காது. மேலே தகடு பளபளவென்று இருக்கும்.

என் மாமா ஒருவர் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலேயே காலம் தள்ளியவர். "பட்டறை மூடினா மொதல்ல வர்றது அதிகாரி இல்ல மாப்ள, பழைய இரும்புக்காரன்" என்பார். மோட்டாரை எடுப்பார்கள், பைப்பை எடுப்பார்கள், கேசிங்கும் விலை போகும் என்று அதையும் உருவிவிடுவார்கள். அப்புறம் மேல்மண் சரிந்து உள்ளே விழும், கூடவே அதில் ஊறியதெல்லாம். இதற்கு மேல் தகடு போட்டு போல்ட்டு முறுக்கி என்ன பிரயோஜனம்?

அடைப்பது என்றால் அடியிலிருந்து அடைக்க வேண்டும். உள்ளே கிடப்பதை எடுத்துவிட்டு, ஆழம் அளந்து, தண்ணி பட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும் பெண்டோனைட் களிமண்ணோ சிமெண்ட் கலவையோ குழாய் விட்டுக் கீழிருந்து மேலே ஏறி வரும்படி நிரப்ப வேண்டும். மேலே நின்று கொட்டினால் நடுவில் சிக்கிக்கொண்டு கீழே காலியாகவே இருக்கும். "2010லேயே சுப்ரீம் கோர்ட் சொன்னபடி மணலும் கல்லும் போட்டால் போதுமே" என்கிறார் ஒரு அண்ணன். அண்ணா, அந்த உத்தரவு குழந்தைகள் விழுவதைத் தடுக்க வந்தது. மணல் வழியாகக் குழந்தை போகாது, தண்ணி போகும். அந்த உத்தரவாவது கைவிட்ட போரை அடி முதல் தரைமட்டம் வரை நிரப்பச் சொன்னது. நீங்கள் அதையும் செய்யவில்லை, தகடு மட்டும்தான் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொருவர் பெரிய யோசனை சொல்கிறார்: அந்தப் போரை அடைப்பானேன், மழைநீர் சேகரிப்புக்கு விடலாமே என்று. கேட்க எவ்வளவு அழகு. வீட்டு மொட்டைமாடித் தண்ணியாக இருந்தால் நானும் சரி என்பேன். பட்டறை முற்றத்தில் ஓடுகிற தண்ணி எதைக் கழுவிக்கொண்டு வரும்? சிமெண்ட் தரையில் படிந்த உப்பு, டிரம் வைத்திருந்த இடத்து ரசாயனம், சேற்றுக் குவியல். அதை வடிகட்டக்கூடச் செய்யாமல் பாறைக்குள் விடுவதற்குச் சேகரிப்பு என்று பெயரா? மேல்மண்ணில் கிடந்தால் தோண்டியாவது எடுக்கலாம். ராணிப்பேட்டையில் மூடின குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் தரைக்கு மேலேயே கிடந்தது. கண்ணுக்கு எதிரே கிடந்ததையே அப்புறப்படுத்த முடியாமல் எத்தனை வருஷம் இழுத்தது! பாறை வெடிப்புக்குள் போனதை யார் போய் எடுப்பது?

"தொழில் போனால் சோறு யார் போடுவது?" இது வரும் என்று தெரியும். மூடிக்கிடக்கிற பட்டறையைப் பற்றித்தானே பேசுகிறேன் சாமி, அதில் யாருடைய சோறு இருக்கிறது?

"நீ என்ன ஜியாலஜி படித்தவனா?" இல்லைதான். 1974ஆம் வருஷத்துத் தண்ணீர்ச் சட்டம் நச்சுப் பொருளைக் கிணற்றில் விடக்கூடாது என்று கிணற்றின் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறது. அதைப் படிக்க ஜியாலஜி தேவைப்படவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்களே. 1992இல் நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை கட்டியபோது எங்கள் ஐயன் இனிமேல் பாசனத்துக்குக் கவலையில்லை என்று சந்தோஷப்பட்டவர். அப்புறம் சாயக்கழிவு தேங்கிய அந்த அணைத் தண்ணியைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கெஞ்ச வேண்டி வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தென்னை குருத்து கருகியது. அக்காவுக்கு வந்த ஒரு சம்பந்தம், "உப்புத்தண்ணி ஊர்ல பொண்ணு எடுக்க மாட்டோம்" என்று வாசலிலேயே முறிந்தது. அம்மா அதை இன்னும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. சித்தப்பா மகனுக்கே அன்றைக்கு வேலை போனது. இதெல்லாம் தெரிந்தும் என்னை "வளர்ச்சிக்கு எதிரி" என்று எழுதியது யார் தெரியுமா? என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அவன் வீட்டுக்கும் கேன் தண்ணிதான் வருகிறது.

எந்தெந்த மூடின பட்டறையில் எத்தனை போர் இருக்கிறது என்று ஒரு பட்டியல், ஒவ்வொன்றையும் அடியிலிருந்து அடைத்ததற்கு ஒரு சான்றிதழ், செலவு அந்த இடத்துக்காரர் தலையில். இதைக் கேட்டதற்குத்தான் இவ்வளவு வசை.

கமெண்ட்டில் "நீயும் திருப்பூர் பனியன்தானே போட்டிருக்கே" என்று ஆரம்பிக்கப் போகிறவர்களே, ஆமாங்க, போட்டிருக்கேன். அதுக்கும் போரை அடைக்காமல் விட்டதுக்கும் என்ன சம்பந்தம்?